குபெர்னெட்டிஸ் கிளஸ்டருக்கு ஹெல்ம்: நிறுவுவோருக்குக் கைகொடுக்கும் 30 குறிப்புகள்

குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் ஒரு மென்பொருளை ஓடவைக்க டிப்ளாய்மென்ட், சர்வீஸ், கான்ஃபிக்மேப், சீக்ரெட் என்று யாம்எல் ஃபைல்களை வரிசையாக எழுத வேண்டியிருக்கும். அவற்றை ‘சார்ட்’ என்ற ஒரே கட்டாகக் கட்டி, ஒரே கட்டளையில் ஏற்றவும் புதுப்பிக்கவும் நீக்கவும் உதவும் பேக்கேஜ் மேனேஜர்தான் ஹெல்ம். 2015-இல் டெய்ஸ் நிறுவனத்தில் தொடங்கிய இந்தத் திட்டம், 2020 ஏப்ரலில் சிஎன்சிஎஃப் அமைப்பின் ‘கிராஜுவேட்டட்’ நிலையை எட்டியது. ஹெல்மை நிறுவச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அது எந்த கிளஸ்டரைத் தொடப்போகிறது, எந்த அமைப்புகளோடு ஏற்றப்போகிறது என்ற இரண்டையும் கவனிக்காமல் விட்டால், அந்தச் சில நிமிட வேலை ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். கீழே உள்ள குறிப்புகள் அந்த இரண்டையும் மனதில் வைத்துத் தொகுத்தவை. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது அதே சொற்களை ஆங்கிலத்தில் அடியுங்கள்.

நிறுவும் முன்

1. முதலில் குபெசிடிஎல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். ‘குபெசிடிஎல் கெட் நோட்ஸ்’ என்று அடித்தால் நோடுகளின் பட்டியல் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘ரெடி’ என்று இருக்க வேண்டும். இதுவே வராவிட்டால் ஹெல்மை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை.

2. உங்கள் கணினியில் டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று பல கிளஸ்டர்களின் விவரம் இருக்கலாம். அவற்றில் எது இப்போது தேர்வாகியிருக்கிறதோ, ஹெல்ம் அதைத்தான் தொடும். ‘குபெசிடிஎல் கான்ஃபிக் கரன்ட்-கான்டெக்ஸ்ட்’ என்று அடித்து, வரும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு மேலே போங்கள். முக்கியமான வேலைகளில் ‘--கியூப்-கான்டெக்ஸ்ட்’ என்ற தேர்வோடு கிளஸ்டர் பெயரையும் கட்டளையிலேயே எழுதிவிடுவது இன்னும் பத்திரம்.

3. ஹெல்மை கிளஸ்டருக்குள் நிறுவத் தேவையில்லை. அது உங்கள் லேப்டாப்பிலோ சிஐ சர்வரிலோ இருக்கும் ஒற்றை பைனரி. ஹெல்ம் 2 காலத்தில் டில்லர் என்ற துணை நிரல் கிளஸ்டருக்குள் ஓடியது. பல இடங்களில் அதற்கு முழு நிர்வாகி அதிகாரம் கொடுத்துவைத்திருந்தார்கள். பாதுகாப்புக்கு அது பெரிய ஓட்டை. 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3 டில்லரை அடியோடு நீக்கியது. இன்று ஹெல்முக்கென்று தனி அதிகாரம் எதுவும் கிடையாது. கிளஸ்டர் விவரங்கள் இருக்கும் உங்கள் குபெகான்ஃபிக் ஃபைலுக்கு என்ன அதிகாரமோ அதுதான் ஹெல்முக்கும்.

4. அனுமதியை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். ஹெல்ம் தான் ஏற்றிய ஒவ்வொன்றின் பதிவையும் அந்தந்த நேம்ஸ்பேஸில் சீக்ரெட்டாகச் சேமிக்கிறது. ஆகவே சீக்ரெட்டைப் படிக்கவும் எழுதவும் அனுமதி இல்லாதவருக்கு ‘ஹெல்ம் லிஸ்ட்’ கூட ‘ஃபர்பிடன்’ என்றுதான் பதில் தரும். ‘குபெசிடிஎல் ஆத் கேன்-ஐ கிரியேட் சீக்ரெட்ஸ்’ என்ற கட்டளைக்கு ‘எஸ்’ என்று வருகிறதா எனப் பாருங்கள். ‘நோ’ வந்தால் கிளஸ்டர் நிர்வாகியிடம் அந்த நேம்ஸ்பேஸுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். கிளஸ்டர் முழுவதற்கும் கேட்க வேண்டாம்.

5. ஹெல்ம் பதிப்பும் குபெர்னெட்டிஸ் பதிப்பும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு ஹெல்ம் பதிப்பும் தான் உருவான காலத்துக் குபெர்னெட்டிஸையும் அதற்கு முந்தைய மூன்று பதிப்புகளையும் ஆதரிக்கும். எடுத்துக்காட்டாக, ஹெல்ம் 3.14 பதிப்பு குபெர்னெட்டிஸ் 1.26 முதல் 1.29 வரை ஆதரிக்கிறது. கிளஸ்டர் பழையதாக இருந்தால் புத்தம் புதிய ஹெல்மைத் தேடிப் போகாமல், அதற்குப் பொருந்துவதை எடுங்கள்.

6. வழிகாட்டிக் கட்டுரையில் ‘ஹெல்ம் இனிட்’, ‘டில்லர்’ என்ற சொற்களைக் கண்டால் அதை மூடிவிடுங்கள். அது ஹெல்ம் 2 காலத்தது. ‘ஸ்டேபிள்’ என்ற பொது ரெப்போவிலிருந்து சார்ட் எடுக்கச் சொன்னாலும் அப்படியே. அந்த ரெப்போவுக்கும் ஹெல்ம் 2-க்கும் 2020 நவம்பர் 13-உடன் ஆதரவு நின்றுவிட்டது.

நிறுவும்போது

7. மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘புரூ இன்ஸ்டால் ஹெல்ம்’ போதும். விண்டோஸில் சாக்லேட்டி, ஸ்கூப், விங்கெட் என மூன்று வழிகள் உண்டு. சாக்லேட்டியில் மட்டும் பேக்கேஜின் பெயர் ‘குபெர்னெட்டிஸ்-ஹெல்ம்’ என்பதை நினைவில் வையுங்கள்.

8. உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோர் ஏபிடி மூலம் நிறுவ, ஹெல்முக்கான ரெப்போ முகவரியையும் சாவியையும் முதலில் சேர்க்க வேண்டும். இந்த முகவரி இடையில் மாறியிருக்கிறது. அதனால் பழைய குறிப்பேட்டில் இருப்பதை ஒட்டாமல், ஹெல்ம் தளத்தின் நிறுவல் பக்கத்திலிருந்து எடுங்கள். ஸ்னாப் வழியே நிறுவுவதானால் ‘--கிளாசிக்’ என்ற தேர்வையும் சேர்க்க வேண்டும்.

9. ஹெல்ம் குழுவே தரும் நிறுவல் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. இணையத்திலிருந்து இழுத்து நேராக ஷெல்லுக்குள் ஊற்றும் ஒற்றை வரிக் கட்டளையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஸ்கிரிப்டை இறக்கி, ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகு இயக்குங்கள். படிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். ஸ்கிரிப்டின் பெயரிலேயே 3, 4 என்று பதிப்பு எண் வரும். உங்களுக்கு வேண்டியது எது என்பதைக் கவனியுங்கள்.

10. கையாலேயே நிறுவுவதும் எளிதுதான். டார் ஃபைலை இறக்கிப் பிரித்தால் ‘லினக்ஸ்-ஏஎம்டி64’ போன்ற பெயரில் ஒரு ஃபோல்டர் வரும். உள்ளே உரிமம், ரீட்மீ ஆகியவற்றோடு ‘ஹெல்ம்’ என்ற ஒரே பைனரி இருக்கும். அதை ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’ ஃபோல்டருக்கு நகர்த்தினால் வேலை முடிந்தது. இணையத் தொடர்பு இல்லாத சர்வர்களுக்கு இதுவே சிறந்த வழி.

11. இறக்கும் முன் பிராசஸர் வகையைப் பாருங்கள். ‘யூநேம் -எம்’ என்று அடித்தால் ‘எக்ஸ்86_64’ அல்லது ‘ஆர்ச்64’ என்று வரும். முதலாவதற்கு ஏஎம்டி64 பைனரி, இரண்டாவதற்கு ஏஆர்எம்64 பைனரி. 64 பிட் ராஸ்ப்பெரி பையில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். மாற்றி இறக்கினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

12. இறக்கிய ஃபைலின் செக்சமைச் சரிபாருங்கள். ஒவ்வொரு வெளியீட்டோடும் அதன் எஸ்எச்ஏ256 மதிப்பு தரப்பட்டிருக்கும். ‘எஸ்எச்ஏ256சம்’ கட்டளை தரும் மதிப்பு அதனோடு எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கிளஸ்டரின் அதிகாரத்தைக் கையில் எடுக்கப்போகும் கருவி இது. ஒரு நிமிடம் செலவழிப்பது தகும்.

13. ‘ஹெல்ம் வெர்ஷன்’ என்று அடித்துப் பதிப்பு எண் வந்தால், பைனரி சரியாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். கிளஸ்டரோடு பேசுகிறதா என்று அறிய ‘ஹெல்ம் லிஸ்ட்’ அடியுங்கள். புதிய கிளஸ்டராக இருந்தால் தலைப்பு வரி மட்டும் வரும். அதுவே நல்ல செய்தி.

14. ‘லோக்கல்ஹோஸ்ட் 8080 கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்ற பிழையைப் புதியவர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள். ஹெல்முக்குக் குபெகான்ஃபிக் ஃபைல் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். வழக்கமாக அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘.கியூப்’ என்ற மறைவான ஃபோல்டருக்குள் ‘கான்ஃபிக்’ என்ற பெயரில் இருக்கும். கே3எஸ் நிறுவியிருந்தால் ‘/இடிசி/ரான்ச்சர்/கே3எஸ்/கே3எஸ்.யாம்எல்’ என்ற இடத்தில் இருக்கும். ‘குபெகான்ஃபிக்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அந்த முகவரியைக் கொடுத்தால் பிழை மறையும். ‘சூடோ’ போட்டு இயக்கும்போதும் இதே பிழை வரலாம், ஏனென்றால் அப்போது ஹெல்ம் ரூட்டின் ஹோம் ஃபோல்டரில் தேடும். மைக்ரோகே8எஸ் வைத்திருப்பவர்கள் தனியாக நிறுவத் தேவையில்லை. ‘மைக்ரோகே8எஸ் ஹெல்ம்3’ என்று உள்ளேயே இருக்கிறது.

15. குபெகான்ஃபிக் ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம் என்று ஹெல்ம் எச்சரித்தால், அலட்சியம் செய்யாமல் ‘சிஎச்மாட் 600’ போட்டு உங்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடுங்கள். மூன்றாம் குறிப்பில் சொன்னதுபோல, ஹெல்மின் அதிகாரம் முழுவதும் அந்த ஒரு ஃபைலில்தான் இருக்கிறது. மெயிலில் அனுப்புவதோ கிட்டில் ஏற்றுவதோ கூடவே கூடாது.

முதல் சார்ட்டை ஏற்றும்போது

16. எந்த ரெப்போவும் இல்லாமல் பயிற்சி எடுக்கலாம். ‘ஹெல்ம் கிரியேட் டெமோ’ என்று அடித்தால் ‘டெமோ’ என்ற ஃபோல்டரில் என்ஜின்எக்ஸை ஓடவைக்கும் மாதிரி சார்ட் ஒன்று உருவாகும். உள்ளே சார்ட்.யாம்எல், வேல்யூஸ்.யாம்எல், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர் ஆகியவை இருக்கும். இந்த மூன்றையும் திறந்து பார்த்துவிட்டால் உலகில் உள்ள எந்தச் சார்ட்டின் அமைப்பும் பிடிபட்டுவிடும்.

17. வெளிச் சார்ட் வேண்டுமென்றால் ஆர்ட்டிஃபேக்ட் ஹப்பில் தேடுங்கள். அங்கே தேடக் கிடைப்பதெல்லாம் நம்பகமானது என்று எண்ண வேண்டாம். வெளியிட்டவர் யார், ‘வெரிஃபைட் பப்ளிஷர்’ அடையாளம் உண்டா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். மென்பொருளை எழுதிய குழுவே வெளியிடும் சார்ட் இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

18. ‘ஹெல்ம் ரெப்போ ஆட்’ செய்தபின் ‘ஹெல்ம் ரெப்போ அப்டேட்’ செய்யும் வழக்கம் வேண்டும். ஹெல்ம் ரெப்போவின் பட்டியலை உங்கள் கணினியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதில்தான் தேடும். புதுப்பிக்காவிட்டால் நேற்று வந்த பாதுகாப்புத் திருத்தம் உங்கள் கண்ணில் படாது. ஓசிஐ ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் சார்ட்டுகளுக்கு இந்த இரண்டும் தேவையில்லை, ஹெல்ம் 3.8 முதல் அவற்றை நேரடியாகவே எடுக்கலாம்.

19. சார்ட்டின் பதிப்பு வேறு, உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்பு வேறு. ‘ஹெல்ம் சர்ச் ரெப்போ’ இரண்டையும் தனித்தனிப் பத்தியில் காட்டும். நிறுவும்போது ‘--வெர்ஷன்’ கொடுத்துச் சார்ட் பதிப்பை உறுதி செய்யுங்கள். கொடுக்காவிட்டால் அன்றைக்குப் புதிதாக எது இருக்கிறதோ அது ஏறும். இன்று டெஸ்டில் ஓடியதும் அடுத்த வாரம் புரொடக்‌ஷனில் ஏறுவதும் வெவ்வேறாகிவிடும்.

20. சார்ட் என்பது தைக்கும் முறை என்றால், வேல்யூஸ் ஃபைல் நாம் தையற்காரரிடம் கொடுக்கும் அளவுச் சீட்டு. ‘ஹெல்ம் ஷோ வேல்யூஸ்’ கட்டளையின் விடையை ஒரு ஃபைலில் சேமித்து நிதானமாகப் படியுங்கள். பிறகு நீங்கள் மாற்ற விரும்பும் வரிகளை மட்டும் தனி ஃபைலில் எழுதி ‘-எஃப்’ மூலம் கொடுங்கள். முழுவதையும் நகலெடுத்து வைத்தால், பின்னால் சார்ட் ஆசிரியர்கள் செய்யும் நல்ல மாற்றங்கள் உங்களுக்கு வந்து சேராது.

21. யாம்எல் ஃபைலில் டேப் அடிக்காதீர்கள், இடைவெளி மட்டுமே. கட்டளையில் ‘--செட்’ மூலம் கொடுப்பது வேல்யூஸ் ஃபைலில் இருப்பதை மீறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ட்ரூ’ என்பதையோ ஓர் எண்ணையோ சொல்லாகவே அனுப்ப வேண்டுமென்றால் ‘--செட்-ஸ்ட்ரிங்’ பயன்படுத்துங்கள்.

22. ஏற்றும் முன் என்ன ஏறப்போகிறது என்று பார்த்துவிடுங்கள். ‘ஹெல்ம் டெம்ப்ளேட்’ கிளஸ்டரைத் தொடாமலே முழு யாம்எல்லையும் காட்டும். இன்ஸ்டால் கட்டளையோடு ‘--டிரை-ரன்’ சேர்த்தாலும் பார்க்கலாம். இவற்றில் சீக்ரெட் விவரங்களும் திரையில் வரக்கூடும் என்பதால், அப்படியே எடுத்து அலுவலகச் சாட்டில் ஒட்டிவிடாதீர்கள்.

23. நேம்ஸ்பேஸை எப்போதும் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த நேம்ஸ்பேஸ் இன்னும் இல்லையென்றால், அதை உருவாக்க ‘--கிரியேட்-நேம்ஸ்பேஸ்’ சேருங்கள். ரிலீஸ் பெயர், அதாவது ஏற்றும் சார்ட்டுக்கு நீங்கள் வைக்கும் பெயர், 53 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ‘ஹெல்ம் லிஸ்ட்’ ஒரு நேம்ஸ்பேஸை மட்டுமே காட்டும். நேற்று ஏற்றியது இன்று காணோம் என்று பதறுவோர், முதலில் பெரிய எழுத்து ‘-ஏ’ சேர்த்து எல்லா நேம்ஸ்பேஸையும் பார்க்க வேண்டும்.

24. ‘ஸ்டேட்டஸ்: டிப்ளாய்ட்’ என்று வந்ததும் எழுந்துபோய்விடாதீர்கள். யாம்எல்லைக் கிளஸ்டர் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். பாட் உள்ளே ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்று விழுந்துகொண்டிருக்கலாம். ‘--வெயிட்’ சேர்த்தால் பாட்கள் தயாராகும்வரை ஹெல்ம் காத்திருக்கும். வழக்கமான வரம்பு 5 நிமிடம். டேட்டாபேஸ் போன்று தாமதமாக எழுபவற்றுக்கு ‘--டைம்அவுட்’ கொடுத்து நேரத்தைக் கூட்டுங்கள்.

ஏற்றிய பிறகு

25. அப்கிரேடு செய்யும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். முதலில் ரெப்ளிகா எண்ணிக்கையை 3 என்று ‘--செட்’ மூலம் கொடுத்து நிறுவியதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து, இமேஜ் டேகை மட்டும் மாற்ற ‘ஹெல்ம் அப்கிரேட்’ கட்டளையில் புதிய டேகை மட்டும் ‘--செட்’ செய்கிறீர்கள். ஹெல்ம் பழைய 3-ஐ மறந்து, சார்ட்டின் இயல்பான 1-க்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கூட்டம் கூடும் நேரத்தில்தான் தெரியும். ‘--ரீயூஸ்-வேல்யூஸ்’ என்ற தேர்வு உண்டு என்றாலும், எல்லா மாற்றங்களையும் ஒரே வேல்யூஸ் ஃபைலில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதையே கொடுப்பதுதான் நிலையான தீர்வு. இப்போது ஓடுவதற்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்று அறிய ‘ஹெல்ம் கெட் வேல்யூஸ்’ உதவும்.

26. புதுப்பித்தது சரியில்லை என்றால் ‘ஹெல்ம் ஹிஸ்டரி’ பார்த்து, நன்றாக ஓடிய எண்ணைக் குறித்து, ‘ஹெல்ம் ரோல்பேக்’ செய்யுங்கள். வழக்கமாகக் கடைசி 10 பதிவுகள் இருக்கும். ஆனால் ரோல்பேக் யாம்எல்லை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுபோகும். புதிய பதிப்பு டேட்டாபேஸின் அமைப்பை மாற்றியிருந்தால் அது திரும்பாது. டேட்டாபேஸ் சம்பந்தப்பட்ட எதையும் பேக்கப் எடுக்காமல் அப்கிரேடு செய்யாதீர்கள்.

27. ‘அனதர் ஆப்பரேஷன் இஸ் இன் புராகிரஸ்’ என்று பிடிவாதமாக வந்தால், நடுவில் நின்றுபோன அப்கிரேடு ஒன்று பதிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்ட்ரோல்-சி அடித்ததாலோ சிஐ வேலை பாதியில் அறுந்ததாலோ இப்படி ஆகும். உடன் பணிபுரிபவர் யாரும் உண்மையிலேயே அப்கிரேடு செய்துகொண்டிருக்கவில்லை என்று கேட்டு உறுதிசெய்துவிட்டு, கடைசியாக நன்றாக இருந்த பதிவுக்கு ரோல்பேக் செய்தால் பூட்டு விலகும்.

28. நீக்கும்போது எது போகும், எது நிற்கும் என்று அறிந்து நீக்குங்கள். சார்ட்டின் ‘சிஆர்டிஸ்’ ஃபோல்டரில் இருப்பவற்றை ஹெல்ம் முதல் முறை ஏற்றுவதோடு சரி. அப்கிரேடிலும் மாற்றாது, அன்இன்ஸ்டாலிலும் நீக்காது. ஸ்டேட்ஃபுல்செட் உருவாக்கிய பிவிசிக்களும் பொதுவாக அப்படியே நிற்கும். அதனால் டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துத் துப்புரவு செய்யுங்கள். மாறாக, சார்ட்டின் டெம்ப்ளேட்டிலேயே எழுதிய பிவிசி ரிலீஸோடு சேர்ந்து நீக்கப்படும். தரவு முக்கியமென்றால் ‘ரிசோர்ஸ்-பாலிசி: கீப்’ என்ற குறிப்பு அதில் உண்டா என்று முன்பே பாருங்கள்.

29. ஹெல்ம் 4 வெளிவந்தது 2025 நவம்பரில். ஹெல்ம் 3-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 நவம்பர் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் 4-லேயே தொடங்கலாம். 3-இல் இருப்பவர்கள் சிஐ ஸ்கிரிப்டுகளை முதலில் பாருங்கள்; சில தேர்வுகளின் பெயர் மாறியிருக்கிறது. தோற்றால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் ‘--அட்டாமிக்’ இப்போது ‘--ரோல்பேக்-ஆன்-ஃபெயிலியர்’.

30. கடைசியாக, குழுவின் கிட் ரெப்போவில் ஒரு சிறு ஃபைல் திறந்து நான்கு வரி எழுதிவையுங்கள்: கிளஸ்டரின் கான்டெக்ஸ்ட் பெயர், ஹெல்ம் பதிப்பு, சார்ட்டும் அதன் பதிப்பும், வேல்யூஸ் ஃபைல் இருக்கும் இடம். பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் எழுதாமல் சீக்ரெட் மேலாண்மைக் கருவியில் வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் கிளஸ்டர் விழுந்தாலும், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன தம்பியோ தங்கையோ இந்த நான்கு வரிகளைக் கொண்டு, உங்களுக்கு ஃபோன் செய்யாமலே அதே மென்பொருளை அதே அமைப்புகளோடு மறுபடி ஏற்றிவிட முடியும். டெஸ்ட் கிளஸ்டரில் அவர்களை ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே ஐந்தாவது வரியைச் சேருங்கள்.